கண்ணாடியை முட்டும் மீன்

வாங்க சார், வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடுங்க. கால் ஈரமா இருந்தா பரவாயில்ல, இந்த வீட்டுல கார்த்திகை மழைக்கு முன்னாடியே தரை ஈரம்தான். கொளத்தூர் கடைக்காரர் போன் பண்ணாரு. ஆவடியில இருந்து ஒருத்தர் வராரு, ஃப்ளவர்ஹார்ன் மீனுக்குப் பெட்டை தேடறாரு, உங்ககிட்ட இருக்கிறதைக் காட்டுங்கன்னு சொன்னாரு. நீங்கதானே? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல ஏர் பம்ப் இருக்கு. இதுல உக்காருங்க.

அப்ப, பொண்ணு கேட்டு வந்திருக்கீங்க. மொதல்ல நான் விசாரிக்கணும் இல்லீங்களா? கோவிச்சுக்கக் கூடாது. என் பேரு ஏகாம்பரம். ரயில் பெட்டி ஃபாக்டரியில, பெயிண்ட் ஷாப்புல முப்பத்தோரு வருஷம். இருபது வருஷமா மீன் வளக்கறேன். விசாரிக்காம ஒரு பெட்டையையும் குடுத்தது கிடையாது.

உங்க ஆண் எத்தனை இன்ச்? ஒன்பது. சரி. தொட்டி? மூணடி. ம். அதுல வேற மீன் எதாவது விட்டிருந்தீங்களா? ஒரு ஆஸ்கர் இருந்துச்சா. இப்ப அது எங்க? செத்துப்போச்சு. எப்படி? தானா.

சார், ஃப்ளவர்ஹார்ன் கூட இருக்கிற மீன் எதுவும் தானா சாகாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சும்மா கேட்டேன். ஒரு ஆம்பளை மீனைப் பத்தித் தெரியணும்னா, அது இப்ப எப்படி ஆடுதுன்னு பாக்கக் கூடாது. இதுக்கு முன்னாடி அதுகூட இருந்தது என்ன ஆச்சுன்னு பாக்கணும். நெத்தியில பந்து மாதிரி கொண்டை இருக்கும், உடம்பெல்லாம் செவப்பும் முத்தும் மின்னும், கையைக் காட்டினா பின்னாடியே வரும். எல்லாம் நம்மகிட்டதான். நம்மகிட்ட நல்லா இருக்குங்கறது ஒரு கணக்கே இல்ல.

சுகந்தி! சாருக்கு ஒரு காபி.

என் பொண்ணு. ஒரே பொண்ணு. எம்.காம். தை மாசம் கல்யாணம் ஆச்சு. இடது கையில தம்ளரைக் குடுக்கறாளேன்னு தப்பா நெனைக்காதீங்க, வலது கையில கட்டுப் போட்டிருக்கு. பாத்ரூம்ல வழுக்கிடுச்சாம். இங்க இல்ல, அவங்க வீட்டுல. புதுசா டைல்ஸ் போட்ட வீடு. ஆனி மாசம்கூட ஒரு தடவை வழுக்குச்சு, அப்ப கண்ணுக்குக் கீழ. நான் மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டேன், ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போடுங்கன்னு. போடறேன் மாமான்னு சொன்னாரு. ரொம்ப மரியாதை. என்னைப் பாத்தா உக்காந்த எடத்துல இருந்து எழுந்துடுவாரு.

இன்னைக்கு நாலரை மணிக்கு வராரு, இவளைக் கூட்டிட்டுப் போக. இவ இங்க வந்து மூணு வாரம் ஆச்சு. நான்தான் வரச் சொல்லி போன் பண்ணேன். இவ போகமாட்டேங்கறா. போகமாட்டேன்னு எல்லாப் பொண்ணுங்களும்தான் சொல்லும். கல்யாணம்னா ஆயிரங்காலத்துப் பயிர். ஒரு பருவம் பூச்சி அடிச்சா பயிரையே பிடுங்கிடுவோமா? ஆடிக்கு வந்தப்பவும் இப்படித்தான், ஆவணி பொறந்தும் கெளம்பலை. நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். ஒரு தார் பழம், ரெண்டு கிலோ ஸ்வீட். வாசல்ல நின்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா, சின்னப் புள்ளை மாதிரி. அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்.

காபி எப்படி இருக்கு? சர்க்கரை போதுமா? அவ அம்மா போட்டது. தேவகி, என் வீட்டுக்காரி. உள்ளதான் இருக்கா, வெளிய வரமாட்டா. பதினோரு நாளா என்கிட்ட பேசலை. தொண்டை. வெந்நீர் குடின்னா குடிக்கறதில்ல. ராத்திரி பொண்ணுகிட்ட மட்டும் குசுகுசுன்னு பேசறது கேக்குது. அதுவும் மெதுவாத்தான். அதான் சொன்னேன், தொண்டைன்னு.

சரி, விஷயத்துக்கு வரேன். அதோ, அந்த நாலடித் தொட்டியில இருக்கிறவன்தான் என் ஆண். ஜமீன்னு பேரு வெச்சிருக்கேன். நீங்க உள்ள வந்ததும் முன்னாடி வந்து நின்னான் பாருங்க. யாரு வந்தாலும் மரியாதை பண்ணுவான். இவனுக்காக ஒரு பெட்டையை விரல் நீளத்துல இருந்து வளத்தேன். ஒன்றரை வருஷம். அஞ்சு இன்ச் ஆச்சு. பெட்டைக்குக் கொண்டையெல்லாம் வராது, பாக்க சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா ரொம்பப் புத்திசாலி. நான் பேப்பர் படிக்கறப்ப அதுவும் கண்ணாடி ஓரமா வந்து நிக்கும். சுகந்தி ஸ்கூல் படிக்கறப்ப அப்படித்தான் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிப்பா. அது கெடக்கட்டும்.

ஜோடி சேக்கறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும். எடுத்த எடுப்புல ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒண்ணுதான் மிஞ்சும். நடுவுல தடுப்பு வெக்கணும். ஓட்டை போட்ட அக்ரிலிக் ஷீட். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவ. ஒரே தண்ணி, ஒரே சூடு, ஒரே நேரத்துல தீனி. பாத்துக்கலாம், தொட முடியாது. நம்ம ஆளுங்க புதுசா கல்யாணம் ஆனவங்களை ஆடிக்குப் பிரிச்சு வெக்கறாங்களே, அந்த மாதிரி. எவனோ மீன் வளத்தவன்தான் அதைக் கண்டுபிடிச்சிருக்கணும்.

பெட்டைக்கு நான் எல்லா வசதியும் பண்ணேன். ஒளிஞ்சுக்க ரெண்டு சட்டி, ஒரு பி.வி.சி. குழாய். முட்டை போட ஒரு பழைய டைல்ஸ். ஏழாவது நாள் அதுக்கு உடம்புல கோடு கருத்துச்சு. வாயால டைல்ஸைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சுது. அது தயார். நம்ம ஜமீன் என்ன பண்ணான்னா, தடுப்பை வந்து முட்டினான். சும்மா இல்ல சார், காலையில லைட் போட்டதுல இருந்து அணைக்கிற வரைக்கும். தீனி போட்டாக்கூடத் திரும்பலை. டக்கு, டக்கு, டக்கு. உள்ள சமையல் பண்ற தேவகிக்குக் கேக்கும். என்ன சத்தம்னு கேட்டா. அப்ப தொண்டை நல்லா இருந்துச்சு. பாசம்டீன்னேன்.

நான் அதைப் பாசம்னுதான் நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனைப்பாங்க? நிச்சயதார்த்தம் ஆனதுல இருந்து எங்க மாப்பிள்ளை இவளுக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை போன் பண்ணுவாரு. எங்க இருக்கே, யார் கூட இருக்கே, சாப்பிட்டியா, என்ன கலர் டிரஸ், ஃபோட்டோ எடுத்து அனுப்பு. இவ எடுக்கலைன்னா எனக்குப் பண்ணுவாரு. நான் எடுக்கலைன்னா தேவகிக்கு. நான் ஃபாக்டரி பழைய சிநேகிதங்க எல்லார்கிட்டயும் சொன்னேன், இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கெடைப்பான்னு. விசாரிச்சீங்களான்னு கேட்டாங்க. என்னய்யா விசாரிக்கறது, அரசாங்க வேலை, சொந்த வீடு, பொண்ணு மேல உசுரையே வெச்சிருக்கான். ஏற்கெனவே ஒரு எடத்துல நிச்சயம் ஆகி நின்னுபோச்சுன்னு ஒருத்தன் சொன்னான். ஊர் வாய் ஆயிரம் சொல்லும்.

எங்க விட்டேன்? ஆங், தடுப்பு.

ஐப்பசி ரெண்டாவது வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்கு. அதுக்கு முன்னாடி, ஒன்பது மணி வாக்குல, சாமி கும்பிட்டுட்டு தடுப்பை எடுத்தேன். ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தேன். அவன் கிட்ட போனான், உடம்பை உதறினான், செவுள் ரெண்டையும் விரிச்சான். ஆகா, மாப்பிள்ளை வணக்கம் சொல்றாருன்னு சந்தோஷமாப் போச்சு. சரி, இதுங்களுக்கு நல்லதா எதாவது போடுவோம்னு ரத்தப்புழு வாங்கக் கடைக்குப் போயிட்டேன். அங்கதான் சார் தப்புப் பண்ணேன். கூடவே நின்னிருக்கணும். பெரிய வலையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னிருக்கணும். இருபது வருஷ அனுபவம், நான் புழு வாங்கப் போனேன்.

முக்கால் மணி நேரம். திரும்பி வந்து பாத்தா, ஜமீன் முன்னாடி வந்து நின்னு என்கிட்ட தீனி கேக்கறான். ஒண்ணுமே நடக்காத மாதிரி. பெட்டை எங்கன்னு தெரியல. சட்டியில இல்ல, குழாய்ல இல்ல. கடைசியில பாத்தா ஃபில்டருக்குப் பின்னாடி, சுவத்தோட சுவரா, தலை கீழ, வால் மேல. செதில் பாதி போச்சு. வால் கிழிஞ்சு தொங்குது. ஒரு கண்ணு வெள்ளையாயிடுச்சு. வாய் மட்டும் தெறந்து தெறந்து மூடுது.

அழுதுட்டேன் சார். சொல்றதுக்கு என்ன வெட்கம்? அறுபத்திரண்டு வயசுல ஒரு மீனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னு அழுதேன்.

கேளுங்க, இது உங்களுக்கு உபயோகப்படும். முதல் நாள் சின்னச் சின்ன அடி சகஜம். வாயை வாயால கவ்விக்கிட்டு இழுக்கும். ரெண்டும் சமமா நின்னு இழுத்தா அது பலப்பரீட்சை, பயப்படக் கூடாது, ஜோடி சேந்துடும். ஆனா ஒண்ணு மூலைக்குப் போயிட்டா, அது ஜோடி இல்ல. அரை நிமிஷம் யோசிக்கக் கூடாது, எடுத்துடணும். நாளைக்குச் சரியாயிடும், முட்டை போட்டா சரியாயிடும்னு நெனைக்கறவன் மீன் வளக்கவே கூடாது. அடிச்ச மீன் அணைக்குமான்னு காத்துக்கிட்டு இருந்தா, மீனுக்குக் கையே கெடையாது சார்.

பெட்டையை எடுத்து ரெண்டடித் தொட்டியில விட்டேன். கல்லுப்பு, நீல மருந்து, ஹீட்டர். அதுக்கு அமைதியான எடம் வேணும் இல்லீங்களா? சுகந்தி ரூம் சும்மாத்தான் கெடந்துச்சு. அவ கட்டிலைப் பிரிச்சு மாடியில வெச்சுட்டு, தொட்டியை அங்க போட்டேன். அந்த ரூம்ல பிளக் பாயின்ட் கெடையாது, அதனால ஹால்ல இருந்து ஒயர் இழுத்திருக்கேன். கதவு சாத்த முடியாது. மத்தபடி வசதிதான்.

அடுத்த வாரமே இவ வந்து நிக்கறா. கையில கட்டு, ஒரு பை. எதுக்கு வந்தேன்னுதான் மொதல்ல கேட்டேன், ஏன்னா தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்துச்சு. அவ ரூமுக்குப் போனா. கட்டில் இல்ல. தொட்டியைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. இதுக்கு என்னப்பா ஆச்சுன்னா. சொன்னேன். அதுக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சுக்கிட்டா. இப்பவும் அங்கதான் படுக்கறா.

இதைக் கேளுங்க, இதுதான் ஆச்சரியம். பெட்டைக்கு எவ்வளவு மருந்து போட்டும் சாப்பிடலை. எட்டு நாள். புழு, இறால், எதைப் போட்டாலும் மூலையை விட்டு வரலை. எனக்கு ஒண்ணும் புரியல. இவ ரெண்டு நாள் பாத்தா. மூணாவது நாள் தன்னோட துப்பட்டாவை எடுத்து, ஹால் பக்கம் பாத்த கண்ணாடியை மூடிட்டா. என்னடீ பண்றேன்னேன். அதுக்கு அவனைத் தெரியுதுப்பா, அவனுக்கும் இது எங்க இருக்குன்னு தெரியுது, அப்புறம் எப்படிச் சோறு இறங்கும்னா. நான் திரும்பிப் பாத்தா, ஆமா சார், கதவு தெறந்திருக்கு, ஜமீன் தன் தொட்டியில இருந்து நேரா அந்த ரூமைப் பாத்து கண்ணாடியை முட்டிக்கிட்டு இருக்கான். டக்கு, டக்கு, டக்கு. இத்தனை நாளா எனக்குக் கண்ணுல படலை. மறுநாள் காலையில பெட்டை ரெண்டு புழு தின்னுச்சு.

இவளுக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. காமர்ஸ் படிச்ச பொண்ணு. எப்படிக் கண்டுபிடிச்சான்னு இன்னைய வரைக்கும் எனக்குப் புரியல.

இப்ப தேறிடுச்சு. வால் வளருது. கண்ணு ஒண்ணு போனது போனதுதான். நீங்க அதைத்தான் கேக்கறீங்க. என்னது? தடுப்பு வெச்சுப் பாத்துக்கறேன்னு சொல்றீங்களா? உங்க ஆண் கொஞ்சம் சாதுவா? நம்ம ஜமீன்கூட சாதுதான், நீங்களே பாக்கறீங்களே. இல்ல சார். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை மூலைக்குப் போன பெட்டையை நான் எந்த ஆண்கிட்டயும் விடமாட்டேன். அதே ஆண்கிட்ட விடற பேச்சே இல்ல. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது என் வீட்டுல இருக்கும். முட்டையும் வேணாம், குஞ்சும் வேணாம். சும்மா இருந்துட்டுப் போகட்டுமே, எனக்கு என்ன பாரமா?

என்னம்மா சுகந்தி? அங்கேயே நின்னுட்டே? தம்ளர் எடுக்க வந்தியா?

இன்னொரு தடவை சொல்லணுமா? எதை? பெட்டையைப் பத்தி இப்ப சொன்னதா? ஒரு தடவை மூலைக்குப் போன பெட்டையை நான் எந்த ஆண்கிட்டயும் விடமாட்டேன், அது என் வீட்டுல இருக்கும்னேன். ஏம்மா? சும்மாவா? சரி.

பாத்தீங்களா சார், ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் என்கிட்ட நின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கா. மீன்ல ஆர்வம் வந்துடுச்சு. நல்லதுதான், அங்க போயி ஒரு சின்னத் தொட்டி வெச்சுக்கச் சொல்லணும். மனசுக்கு ஆறுதலா இருக்கும்.

உங்களுக்கு வேணும்னா ஒரு வழி சொல்றேன். கொளத்தூர்ல சின்னதா ஆறு வாங்குங்க, ஒண்ணா வெச்சு வளத்துப் பாருங்க, அதுங்களே ஜோடி சேந்துக்கும். அதுங்களா சேந்துக்கணும் சார், நாம சேக்கக் கூடாது. அப்புறம் தொட்டியில… கொஞ்சம் காலைத் தள்ளிக்கோங்க, அவங்க போகட்டும். தேவகி, எங்க ரெண்டு பேரும்? பாரு, பதில் வராது. தொண்டை. துணி இஸ்திரிக்குக் கொண்டு போறாங்க போல. மழை விட்டிருக்கு இல்ல. பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போகும்போது துணிமணி தேச்சுக் குடுக்கணுமே, அதெல்லாம் தேவகி கரெக்டாப் பண்ணுவா. பாவம், எவ்வளவு துணி.

தொட்டியைப் பத்திச் சொன்னேனே, குறைஞ்சது நாலடி வேணும். ஒளிய எடம் வேணும். தப்பிக்க எடம் இல்லாத தொட்டியில…

சார், மணி என்ன? நாலே கால். இஸ்திரிக்காரன் முக்குலதான் இருக்கான். பெட்டியோட எதுக்குப் போகணும்?

நீங்க பாத்தீங்களா, எத்தனை பெட்டின்னு? ரெண்டு பெட்டி, ஒரு பை. தேவகி கையில ஒண்ணு இருந்துச்சா. ஒரு நிமிஷம் சார். இருங்க. உள்ள பாத்துட்டு வந்துடறேன்.

பாய் சுருட்டி வெச்சிருக்கு. பீரோ தெறந்து கெடக்கு, தேவகி புடவையும் இல்ல. ரெண்டு பேரோட போனும் பெட்டை தொட்டி மேல வெச்சிருக்கு. மீனுக்குத் தீனி போட்டிருக்காங்க. துப்பட்டாவை எடுத்துட்டுப் போகலை. கண்ணாடி மேலயே விட்டுட்டுப் போயிருக்கா.

நான் அவகிட்ட இப்ப என்ன சொன்னேன்? இன்னொரு தடவை சொல்லுங்கப்பான்னு கேட்டாளே, அப்ப? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. எந்த ஆண்கிட்டயும் விடமாட்டேன்னேன். என் வீட்டுல இருக்கும்னேன். மீனைச் சொன்னேன் சார். சத்தியமா நான் மீனைத்தான் சொன்னேன்.

ஆவணியில என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. நான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன்.

தேவகிக்குப் போறதுக்கு ஒரே எடம்தான் உண்டு. குடியாத்தத்துல தங்கச்சி வீடு. ஆறேகாலுக்கு ஒரு ரயில் இருக்கு. கல்யாணத்துக்கு வரலை அவ தங்கச்சி, அதனால மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாது. இப்ப கெளம்பினா நான் சென்ட்ரல்ல பிடிச்சுடலாம். பிடிச்சு, கூட்டிட்டு வந்து…

வண்டி சத்தம் கேக்குதா? வெள்ளை கார். அவருதான். நாலரைன்னா நாலரைதான், ஒரு நிமிஷம் தள்ளாது.

நீங்க எழுந்திருக்காதீங்க சார். அஞ்சு நிமிஷம் கூட இருங்க. நீங்களும் ஒண்ணும் பாக்கலை. சரியா? உங்களுக்கு ஒரு பெட்டையும் நான் குடுக்கலை, ஆனாலும் இந்த ஒரு உதவி பண்ணுங்க. அந்த கிரில் கேட் பூட்டு ஜன்னல்ல இருக்கு பாருங்க, அதை எடுங்க. குடுங்க.

வாங்க மாப்பிள்ளை. எதுக்கு அப்படி கேட்டைத் தட்டறீங்க? கேக்குது, கேக்குது. சாவிதான் எங்க வெச்சேன்னு தெரியல, நீங்க அங்கேயே நில்லுங்க. சுகந்தியா? இல்லையே. போனை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டா. எங்க போனான்னு தெரியலையே மாப்பிள்ளை. அவ அம்மாவுமா? ஆமா, அவளும்தான். எங்க போறோம்னு என்கிட்ட சொல்லலை. பதினோரு நாளா அவ என்கிட்ட பேசறதே இல்ல.

தொண்டை சரியில்லைன்னா சொன்னேன்? அன்னைக்கு போன்லயா? இல்ல மாப்பிள்ளை. அவ தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு.